பொட்டுக்கு அடியில் ஒரு துளை

உட்காருங்கள் ஐயா, தாராளமாக உட்காருங்கள். அந்தப் பெட்டி ஒன்றும் செய்யாது. சற்று முன்பு ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டார். வாசலில் காவலரும் அப்படித்தான். துண்டை விலக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, இது என்ன டி.வி.யா என்று கேட்டார். கணினி என்றேன். ஆஸ்பத்திரிக்கு எதற்குக் கணினி என்றார். முப்பத்தொரு வருடம் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியவன் நான், ஐயா. அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

என் பெயர் பூதலிங்கம். கடையநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஏழாம் எண் அறைக்குள் இருப்பவள் என் மனைவி, உலகம்மாள். அவளுடைய தலையை எடுத்த ஸ்கேன் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. அதைத்தான் டாக்டர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போயிருக்க வேண்டும். போயிருக்கலாம். ஆனால் இந்தப் பெட்டியை இங்கே தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு வாங்கியது. இதற்கு உதிரிபாகம் இன்று கிடைக்காது. யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

நீங்களும் சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள். "இதை எவன் தூக்கப் போறான்? தூக்குனவனுக்கு இடுப்புல்லா பிடிச்சிக்கிடும்" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

ஆவணியில் தொடங்கியது. முதலில் ஒரு டம்ளர் விழுந்தது. கை வழுக்கியது என்றாள். பிறகு ஒரு கரண்டி. பிறகு பால் சட்டி. எல்லாம் இடது கையிலிருந்துதான் விழுந்தன. நான் முன்னறையில் இருப்பேன், அடுக்களையிலிருந்து டங் என்று ஓசை வரும். விழுந்த பாத்திரம் உருண்டு ஓயும் வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன். ஓய்ந்த பிறகு அவள் குரல் வரும், "ஒண்ணுமில்ல, வெறும் சட்டிதான்" என்று. அந்தக் குரல் வந்தால்தான் எனக்கு இரத்தம் ஓடும்.

இங்கே திருநெல்வேலிக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் அவளை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை, கண் மூடியிருந்தாளே. நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். தென்காசியில் பெரிய ஸ்கேன் எடுத்து, குறுந்தகடு கைக்கு வந்தவுடன் கொண்டுவாருங்கள், எழுத்திலுள்ள அறிக்கை எனக்கு நேராக வந்துவிடும், ஆனால் படத்தை நானே பார்க்க வேண்டும் என்றார். 'வந்தவுடன்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

குறுந்தகடு திங்கட்கிழமை வந்தது. இன்று அதற்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை.

ஏன் இத்தனை நாள் என்று கேட்க வருகிறீர்கள். கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. இந்த இயந்திரம்தான் காரணம். முழுக்க முழுக்க இந்த இயந்திரம்தான். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எதையும் அறியாமல் பிறர் முன் போய் நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. மாணவர்களுக்கும் அதையே சொல்லி வந்தேன். ஆகவே முதலில் நம் வீட்டில் பார்ப்போம், பிறகு டாக்டரிடம் போவோம் என்று உலகத்திடம் சொன்னேன். உலகம் என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பார்த்து உங்களுக்கு என்ன புரியும் என்று கேட்டாள். புரியாவிட்டாலும் பார்க்கலாம் அல்லவா என்றேன். புனேயில் இருக்கும் மகள் செண்பகவல்லியிடம் தொலைபேசியில் கேட்டேன். இப்போது வரும் மடிக்கணினி எதிலும் சிடி போடும் இடமே கிடையாதப்பா, அதை வைத்துக்கொண்டு உட்காராமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். முதல் பாதியை மட்டும் நான் கவனித்துக் கேட்டேன் போலிருக்கிறது. எங்கள் தெருவிலேயே சிடியை விழுங்கக்கூடிய வாய் உள்ள கணினி என்னுடையது ஒன்றுதான். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

செவ்வாய்க்கிழமை நாங்கள் வைத்தியத்துக்குப் புறப்படுவதில்லை. அன்று மாலை பெட்டியைத் துடைத்து ஓடவிட்டேன். ஒரு பழைய பக்திப் பாடல் தகட்டைப் போட்டுச் சோதித்தேன். அருமையாகப் பாடியது. அடுக்களையில் டங் என்று ஓசை. பாட்டை நிறுத்தினேன். "ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தது. உடனே பாடல் தகட்டை எடுத்துவிட்டு ஸ்கேன் தகட்டை வைத்து மூடினேன். உள்ளே சுழலும் ஓசை கேட்டது, விர்ரென்று. ஸ்கேன் எடுத்த அறைக்கு வெளியே நான் கேட்ட ஓசையும் அப்படித்தான். உடனே கணினியை அணைத்துவிட்டேன். மறுநாள் சரஸ்வதி பூஜை. பூஜை கழித்து நல்ல நாளில் பார்ப்போம், அதுவரை தகடு உள்ளே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். புத்தகங்களை அடுக்கி, எழுதுகோல், அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் பிரிக்கும்வரை எதையும் தொடக் கூடாது. கணினிக்கும் நானே என் விரலால் வைத்தேன். சிடி டிரைவின் முகத்தில், பொத்தானுக்குப் பக்கத்தில், வெறுமையாக ஓர் இடம் இருந்தது. அங்கே சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமம். உலகம் வந்து பார்த்தாள். "எந்தலைக்குள்ள உள்ளதுக்கும் சேத்துப் பொட்டு வச்சிட்டியளா சார்வாள்?" என்றாள். எங்கள் பக்கத்தில் வாத்தியாரைச் சார்வாள் என்பார்கள். கேலி செய்ய வேண்டுமென்றால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அன்று நான் சிரிக்கவில்லை.

விஜயதசமி காலையில் கணினியை ஓடவிட்டேன். திரையில், டிரைவ் தயாராக இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்தது. மறுபடி முயன்றேன். அதே கட்டம். சரி, தகட்டை வெளியே எடுத்துத் துடைத்துப் போடுவோம் என்று பொத்தானை அமுக்கினேன். உள்ளே ம்ம் என்று ஒரு முனகல். தகட்டை ஏந்தும் தட்டு வெளியே வரவில்லை. மறுபடி அமுக்கினேன். முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மனிதன் பேச மறுப்பதுபோல இருந்தது, ஐயா.

எதையும் முறையாகச் செய்ய வேண்டும். கணினியோடு வந்த கையேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வரி வரியாகப் படித்தேன். மூடியைக் கழற்றினேன். உள்ளே இருபது வருடத் தூசி. தூரிகையால் துடைத்தேன். நாடாபோல அகலமான ஒரு கம்பி, ஹார்ட் டிஸ்கையும் சிடி டிரைவையும் ஒன்றாக இணைத்துப் போகும். அதைப் பிடுங்கி மறுபடி பொருத்தினேன். டிரைவின் முதுகில் சிறு ஊசிகள், அவற்றின்மேல் ஒரு சின்னத் தொப்பி. அந்தத் தொப்பி இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று எஜமான், மற்றொன்று அடிமை என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பெட்டிக்குள் வாழும் இரண்டு பொருளில் ஒன்று ஏன் அடிமையாக இருக்க வேண்டும்? தொப்பியை மாற்றி இரண்டையும் எஜமானாக்கினேன். அதன்பிறகு கணினிக்கு டிரைவ் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. முனகலும் நின்றது. விளக்கும் எரியவில்லை.

அந்த மூன்று நாளும் நான் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைப்பாள், வலது கையால். தட்டை ஒரு கையால் ஏந்திவர அவள் பழகிக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிராமல் சாப்பிடுவேன். ஒருநாள் அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு திருகாணியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டாக்டரு சொல்லும்போது நீங்க பக்கத்துல இருந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். இந்தத் திருகாணியைச் சற்றுப் பிடித்துக்கொள் என்றேன் நான். அவள் நீட்டிய கை இடது கை. திருகாணி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அதைத் தேடி எடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

கூப்பிடுகிறார்களா? உலகம்மாள் என்றுதான் கேட்டதா? இருக்கட்டும், பெயரைப் பதிந்துகொள்ளக் கூப்பிடுவார்கள். மறுபடியும் கூப்பிடுவார்கள். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இருதயராஜை வரவழைத்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் கணினி பழுது பார்ப்பவர், நல்ல மனிதர். தொப்பியைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. "சமத்துவம் நல்லதுதான் சார். இதுக்குள்ள மட்டும் வேண்டாம்" என்று சொல்லிப் பழைய இடத்தில் மாட்டினார். விளக்கு எரிந்தது. முனகலும் திரும்பி வந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே தட்டைத் தள்ளுவதற்குச் சின்ன ரப்பர் பட்டை ஒன்று இருக்கும், அது நாளாகித் தளர்ந்துவிட்டது, மோட்டார் சுற்றுகிறது, பட்டை வழுக்குகிறது என்றார். பிறகு, எல்லா டிரைவிலும் முகத்தில் ஓர் ஊசித் துளை இருக்கும், அதில் கம்பியை விட்டு அழுத்தினால் தட்டு தானாக வெளியே வரும், உங்கள் டிரைவில் அதைக் காணவில்லையே என்று தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேடினார். கடைசியில் அவர் விரல் பொட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சார், இந்தச் சந்தனத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கலாமா?"

பூஜையில் வைத்தது, அதில் கை வைக்க வேண்டாம் என்றேன். அவர் வேறு மதத்தவர். இன்னொருவர் வீட்டுப் பொட்டைச் சுரண்டுவதற்குக் கூச்சப்பட்டார். கையை எடுத்துக்கொண்டார். அப்படியானால் டிரைவையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறேன், ஒரு மணி நேரத்தில் தகடு வெளியே வந்துவிடும் என்றார். நான் பக்கத்தில் இல்லாமல் யாரும் அதைத் திறக்கக் கூடாது, வேறு ஒரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் உலகத்தைப் பார்த்தார். அவள் வாசல்படியில் நின்றாள், ஒரு கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு.

அந்த வாரம் ஒரு புது எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. திருநெல்வேலி எண். மனை விற்பவர்களாக இருக்கும் என்று எடுக்கவில்லை. அவர்கள் தொல்லை உங்களுக்கும் இருக்குமே.

நான் பள்ளியில் ஒரு கதை சொல்வேன், ஐயா. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது மாணவர்களுக்குச் சொல்வேன். ஓர் ஊரில் ஒரு தபால்காரன். இளகிய மனம். துக்கச் செய்தி உள்ள கடிதத்தை உரியவரிடம் கொடுக்க அவனுக்கு மனம் வராது. எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அப்படிப்பட்ட கடிதங்களை ஒரு பானையில் போட்டு வேப்பமரத்தடியில் புதைத்துவந்தான். ஊரே அவனை வாழ்த்தியது. இவன் வந்தால் நல்ல செய்திதான் என்றது. பல வருடம் கழித்து மழையில் மண் கரைந்து பானை வெளியே வந்தது. அதில் ஒரு தாய்க்கு அவள் மகன் எழுதிய கடிதம் இருந்தது. உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா, உன்னைப் பார்த்தால் தேறிவிடுவேன் என்று எழுதியிருந்தான். துக்கம் என்று நினைத்து அவன் புதைத்தது ஓர் அழைப்பு. ஆகவே மாணவர்களே, கெட்ட செய்தியை ஒளித்து வைப்பவன் இரக்கமுள்ளவன் அல்லன், அவன் அஞ்சுபவன், தன் அச்சத்துக்கு இரக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டவன்.

மன்னியுங்கள். மாணவர்களே என்று உங்களைச் சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். இந்தக் கதை இப்போது ஏன் நினைவுக்கு வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுக் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அந்த எண் மூன்றாம் முறை கூப்பிட்டது. அவள் எடுத்துவிட்டாள். மனை விற்பவர்கள் அல்லர். இந்த ஆஸ்பத்திரி. அறிக்கை வந்து ஒரு வாரமாகிறது, டாக்டர் தினமும் கேட்கிறார், ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

ஈரத் துண்டோடு நான் வெளியே வந்தபோது அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் இடத்தில். கையேடு மடியில் விரிந்து கிடந்தது. வலது கை நகத்தால் பொட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். குங்குமம் உதிர்ந்தது. சந்தனம் காய்ந்து பொருக்காகி விழுந்தது. அதற்கு அடியில், கடுகளவுகூட இல்லை, ஒரு துளை.

அதைத் தொடாதே என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைப் பல்லால் கழற்றினாள். கடித்தே நிமிர்த்தினாள். இடது கையால் டிரைவைப் பிடிக்கப் பார்த்தாள், கை நிற்கவில்லை, நழுவி நழுவி இறங்கியது. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தபால் வந்து பத்து நாளாச்சு சார்வாள். பிடிங்க."

பிடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? ஊக்கைத் துளைக்குள் விட்டு அழுத்தினாள். டக் என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். தட்டு நகம் நுழையும் அளவுக்கு வெளியே நீட்டியது. அதை விரலால் இழுத்தாள். தகடு பளபளவென்று இருந்தது, கீறல்கூட இல்லை. அதில் என் முகம் தெரிந்தது. நான் அப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, ஐயா.

இந்தத் துளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையேட்டைத் தூக்கிக் காட்டினாள். முப்பத்தோராம் பக்கம், டிரைவின் படம், துளையைக் காட்டும் அம்புக்குறி. அந்தப் பக்கத்தின் மூலை மடித்திருந்தது. புத்தகத்தின் மூலையை மடித்தால் முட்டிபோட வைப்பேன் நான். வாழ்நாளில் ஒரு புத்தகத்திலும் நான் மூலை மடித்ததில்லை.

"விஜயதசமி அன்னைக்கே மடிச்சு வச்சிட்டிய. நானும் இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இன்று காலை ஆறரை மணிப் பேருந்து. இந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். திருநெல்வேலியில் ரப்பர் பட்டை கிடைக்கும் என்று இருதயராஜ் சொல்லியிருந்தார். எப்படியும் வருகிறோம், ஒரே நடையில் முடித்துவிடலாம் என்றேன். அவள் வழியெல்லாம் தகட்டை மடியில் வைத்து, அதன்மேல் இடது கையை வைத்து, அந்தக் கையை வலது கையால் மூடிக்கொண்டு வந்தாள். பெட்டி என் மடியில் இருந்தது. கைகள் இரண்டும் அதைச் சுற்றியிருந்தன.

ஆமாம், கேட்டது. இரண்டாம் முறை கூப்பிடுகிறார்கள். உலகம்மாள் கூட வந்தவர் யார் என்கிறார்கள். கேட்டது, ஐயா. முதல் முறையும் கேட்டது.

நீங்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. இயந்திரம்தானே காரணம்? பட்டை தளர்ந்தது உண்மை. அதை இருதயராஜே சொன்னார். பொட்டு தற்செயலாக அந்த இடத்தில் விழுந்ததும் உண்மை. வைத்தபோது எனக்குத் துளையைப் பற்றித் தெரியாது, இது சத்தியம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தேன். படத்தைப் பார்த்தேன். பொட்டைப் பார்த்தேன். பக்கத்தை மடித்தேன். அப்போது அடுக்களையில் ஏதோ விழுந்தது. "ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்னாள். அந்தச் சொல்லை இன்னும் ஒரு நாள் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்று இருந்தது. இன்னும் ஒரு நாள், ஐயா, அவ்வளவுதான் கேட்டேன். அது ஒரு வாரமாகும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தட்டு வெளியே வராதவரை அவளுக்கு ஒன்றுமில்லை.

துளை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

அதோ, நர்ஸம்மா கதவருகே நின்று பார்க்கிறார். பெட்டியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? மிக்க நன்றி. பார்க்காவிட்டாலும் போகட்டும். எழுந்திருக்க உங்கள் தோளைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே பேசியவன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள் ஐயா, நீங்களும் முன்பு உள்ளே போய் வந்திருப்பீர்கள். சென்ற முறை கதவைத் திறந்தவள் அவள். அந்தக் கதவை இழுக்க வேண்டுமா, தள்ள வேண்டுமா?

தள்ளினால் போதுமா. நல்லது. தள்ளுகிறேன்.